ஆராய்ச்சித் துணைவர் கடமை

சர்வகலாசாலை ஆராய்ச்சி என்றவுடன் நம் நினைவிற்கு வருபவர் பேராசிரியரே. நூலின் முகப்பில் அவர் பெயரே பொறிக்கப்பெறுகின்றது. அறிஞர் அவைகளில் அவரே போற்றப்பெறுகின்றார். ஆயின், அந்நூலுக்கு வேண்டும் ஏடுகளைத் தேடிப் பாடங்களை ஒப்பிட்டுச் சீட்டுக்களிற் குறிப்பெழுதி அச்சுத்தாளைத் திருத்திக் கொடுப்போர் வேறு சிலர். அவர்களையே ஆராய்ச்சித் துணைவர் அல்லது ஆராய்ச்சி உதவியாளர் என்கின்றோம். நம் கல்லூரியில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்வாருட் பலர் பட்டம் பெற்றபின் அப்பணியை நாடக்கூடும். ஆதலின், அதன் கடமைகளும் பொறுப்புக்களும் யாவை என இப்பொழுதே ஆராய்தல் நலமாம்.

தமிழுலகில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சென்னைச் சர்வகலாசாலை வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன் என்னும் பேரகராதியாகும். அமெரிக்க மிஷனைச் சார்ந்த வின்சுலோ ஐயர் 1862-இல் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதி 67,000-க்கு மேற்பட்ட சொற்களையுடையது. அதனினும் விரிந்ததோர் அகராதி செய்யும் பணி, 1913-இல், மதுரை மிஷன் ஊழியராகிய ஜே. எஸ். சாண்ட்லர் ஐயரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிற்று. மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதராய் அமர்ந்தார். 1926 முதல் ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராயிருந்து அதனை நிறைவேற்றினார். ஆறு தொகுதிகள் 1936-இல் முற்றுப்பெற்றன; அனுபந்தத் தொகுதி 1939-இல் வெளிவந்தது. முற்றிய அகராதியிலுள்ள சொற்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டன.

இப்பேரகராதியில் ஒரு சொல்லை எடுத்து நோக்குவோம். முதலிற் சொல், பின்னர் அதன் இலக்கண வகை, அதன்பின் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள், இறுதியில் அப்பொருளில் அச்சொல் எந்நூலில் எவ்விடத்து வந்துள்ளது என்னும் மேற்கோட் குறிப்பு. இக்குறிப்பு இரண்டோர் எழுத்தும் ஓர் எண்ணுமாய் மிகச் சிறியதாகவே தோன்றும். ஆயினும், யாரோ ஒருவர் அந்நூலைப் படித்து அவ்விடத்தைக் கண்டு எழுதி வைத்தமையாலன்றோ அஃது அங்கே நிற்கின்றது? அவர் ஓர் எண்ணைப் பிழைபட எழுதியிருப்பின், அகராதியை நம்பும் ஆசிரியர் தம் நூலிலும் அப்பிழையை எழுதுவர். அந்நூலை நம்புவோர் மீண்டும் எழுதுவர். மூலத்தைத் திரும்பப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஆகவே, கண்டதைக் கண்டவாறு குறித்தலும், இன்ன நூல், இன்ன பதிப்பு, இன்ன பக்கம் என இடஞ்சுட்டலும், பிறர் எடுத்தெழுதியதைத் தாமே மூலத்திற் கண்டதுபோலக் காட்டாமையும் துணைவர்க்கு முதற் கடமையாம்.

இஃது ஏட்டாராய்ச்சிக்கு மட்டுமன்றிக் கல்வெட்டாராய்ச்சிக்கும் ஒக்கும். கடத்தூரை உள்ளிட்ட நம் தருமபுரி மாவட்டத்தில் நடுகற்கள் மிகுதி. அவற்றுட் பல வட்டெழுத்துப் பொறித்தவை. பல்லவ மன்னரின் ஆட்சியாண்டு குறித்தனவும் உள. கல்லைத் துலக்கி, நனைத்த தாளை அதன்மேற் பரப்பி, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளத்துட் படியச் செய்து, பின் மையொற்றி எடுப்பது படியெடுக்கும் முறை. கல் சிதைந்த இடத்தில் எழுத்து விளங்காது. ஆங்கு இடைவெளியை இடைவெளியாகவே காட்டல் வேண்டும். ஊகித்ததை எழுதுவராயின், ஊகமென்றே தெரிவித்தல் வேண்டும். ஆநிரை மீட்டுப் பட்ட வீரனொருவனுக்கு அக்கல்லையன்றி வேறு சான்று உலகில் இல்லாதிருக்கலாம். அவன் பெயரிலுள்ள ஓரெழுத்தை நாம் மாற்றிவிடின், அவனுக்காகப் பேசுவார் எவருமிலர்.

இரண்டாவது கடமை, மாறான சான்றை மறையாமை. தலைவர் ஒரு கொள்கையுடையராயிருப்பர். துணைவர் தேடுமிடத்து அதற்கு மாறான சான்று ஒன்று கிடைக்கும். அதனைக் காட்டின் அவர் வெகுள்வரோ, வேலைக்கு ஊறு நேருமோ என்ற அச்சம் எழுதல் இயல்பே. எனினும், அதனை மறைத்துவைப்பவர் தலைவர்க்கே தீங்கிழைத்தவராவர். பிற்காலத்து வேறொருவர் அச்சான்றை வெளியிடுங்கால் இழுக்குறுவது தலைவர் நூலன்றோ? பணிவோடு காட்டுக, காட்டாது விடற்க.

மூன்றாவது, செய்த பணிக்குக் காலந்தோறும் கணக்குக் கொடுத்தல். சென்னைச் சர்வகலாசாலை 1913-இல் ஸ்ரீநிவாச இராமாநுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவிப்பணம் வழங்கியது. அவர் ஒருவர்க்குத் துணைவராயிருந்தாரல்லர். தம் ஆராய்ச்சியையே செய்தவர். ஆயினும், மூன்று மாதத்திற்கொருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. 1914-இல் இங்கிலாந்து செல்லுமுன் அவர் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். அத்தகைய பேரறிவினரே கணக்குக் கொடுத்தனரெனின், நாம் அதனைச் சுமையாகக் கருதலாகாது. பொதுப்பணம் பெறுவோர் பொதுவிற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்.

நான்காவது, பிறர் உழைப்பைத் தமதாக்காமை. இக்காலத்தில் கணினியின் உதவியால் பக்கம் பக்கமாகப் பெயர்த்தெழுதுதல் எளிதாயிற்று. இதனைத் தடுக்கவே பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டிற்கு எதிராக விதிகள் வகுத்தது. ஆனால், விதிக்கு அஞ்சி விலகுதலினும், உழைத்தவர்க்கு அவ்வுழைப்பின் புகழ் உரியதென்று உணர்ந்து விலகுதலே மேன்மையுடைத்து.

இவ்வறம் துணைவரை மட்டும் கட்டுவதன்று; தலைவரையும் கட்டும். துணைவரைத் தம் வீட்டு ஏவல்களுக்குப் பயன்படுத்தாமையும், குறித்த காலத்தில் ஊதியம் கிடைக்கச் செய்தலும், ஆராயும் முறையைக் கற்பித்தலும், அவர் கண்டுபிடித்ததை அவர் பெயராற் கூறுதலும் தலைவர் கடமைகளாம். முகவுரையில் ஒருவரி நன்றி எழுதுதல் பெருஞ்செலவன்று. அவ்வொருவரி இன்மையால் மனமுடைந்து ஆராய்ச்சியையே கைவிடும் இளைஞரும் இருத்தல் கூடும்.

மாணவ நண்பர்காள்! நம்மிற் சிலர் பிற்காலத்தில் பேராசிரியராகலாம்; பலர் துணைவராகவே பணிபுரியலாம். எந்நிலையினராயினும், நாம் எழுதும் ஒவ்வொரு குறிப்பையும் நாமறியாத ஒருவர், ஐம்பது ஆண்டுகட்குப்பின், மெய்யென்று நம்பிப் படிப்பார். அவர்க்கு நம் பெயர் தெரியாது. ஆயினும், அவர் நம்பிக்கை வீண்போகாவாறு எழுதுதல் நம் பொறுப்பு. இவ்வாண்டு நாம் எழுதும் கட்டுரைகளிலேயே, மேற்கோள் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டு நோக்கும் வழக்கத்தைத் தொடங்குவோமாக.