ஒரே சாவி, திறக்காத பூட்டு



எங்கள் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விலை பேசும்போது வாயைத் திறக்க மாட்டார். எதிராளியின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலை அமுக்கியே விலையைச் சொல்லிவிடுவார். சுற்றி ஐம்பது பேர் நின்று பார்த்தாலும் விலை அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவருக்குக் கையெழுத்துப் போட வராது. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். 'கம்ப்யூட்டர்ல என்னதான்டா படிக்கிற?' என்று அவர் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லத் தெரியாமல் முழித்திருக்கிறேன். இந்த வருட புராஜெக்டுக்கு அப்புறம்தான் சொல்ல முடிந்தது: 'நீங்க துண்டுக்குள்ள செய்றதை நாங்க துண்டு இல்லாம, கையையும் தொடாம செய்யறோம்பா.'

இதற்குச் சாவிப் பரிமாற்றம் என்று பெயர். இரண்டு கம்ப்யூட்டர்கள், முன்பின் சந்தித்ததில்லை. நடுவில் இருக்கும் ஒயரை யார் வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்கலாம். இருந்தும் இரண்டும் ஒரே ரகசிய எண்ணுக்கு வந்து சேர வேண்டும். அந்த எண்ணிலிருந்து பிறப்பதுதான் செய்திகளைப் பூட்டும் சாவி. இதற்கான வழியை 1976-ல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் வெளியிட்டார்கள். (அதற்கு இரண்டு வருடம் முன்பே பிரிட்டனின் உளவு நிறுவனமான ஜி.சி.எச்.க்யூ.வில் மால்கம் வில்லியம்சன் இதையே கண்டுபிடித்திருந்தார். அரசாங்க ரகசியம் என்பதால் 1997-ல்தான் வெளியே தெரிந்தது. பாவம்!)

பெரிய புத்தகம் வேண்டாம், ரஃப் நோட்டு போதும். பகா எண் 29, அடி எண் 2 என்று இருவரும் எல்லோருக்கும் கேட்கும்படியே பேசி வைத்துக்கொள்கிறோம். நான் மனதுக்குள் 5 என்று நினைக்கிறேன். 2-ன் ஐந்தாம் அடுக்கு 32. 29-ஆல் வகுத்தால் மீதி 3. இந்த 3-ஐ அனுப்புகிறேன். என் கூட்டாளி நினைத்தது 12. 2-ன் பன்னிரண்டாம் அடுக்கு 4096, மீதி 7. அவன் 7-ஐ அனுப்புகிறான். இப்போது நான் 7-க்கு ஐந்தாம் அடுக்குப் போடுகிறேன்: 16807, மீதி 16. அவன் 3-க்குப் பன்னிரண்டாம் அடுக்குப் போடுகிறான்: 531441, மீதி 16. இரண்டு பேர் கையிலும் 16 இருக்கிறது. ஒயரில் போனதோ வெறும் 3-ம் 7-ம். 29 சின்ன எண் என்பதால் ஒட்டுக் கேட்பவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே என் 5-ஐப் பிடித்துவிடுவான். நிஜத்தில் பயன்படுத்துவது 617 இலக்கம் உள்ள பகா எண். அங்கே இந்த வேலை பலிக்காது.

பைத்தானில் இதை எழுத ஒரே வரி போதும். ஒரு வரிதானே என்ற தைரியத்தில்தான் நானும் கூட்டாளியும் 'நாமே எழுதும் சாவிப் பரிமாற்றம்' என்று புராஜெக்ட் தலைப்பைக் கொடுத்துவிட்டோம். 'லைப்ரரியில இருக்கறதை எதுக்குப்பா திரும்ப எழுதறீங்க?' என்று கைடு சார் கேட்டார். நியாயமான கேள்விதான். நிஜ வேலைக்கு லைப்ரரியில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்று நானும் இன்று சொல்வேன். ஆனாலும் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது சி மொழியில் எழுதப்பட்ட பிரபலமான லைப்ரரி. 2021-ல் வந்த அதன் 3.0 பதிப்பில் 'புரொவைடர்' என்று ஒரு வசதி உண்டு. லைப்ரரியின் உள்ளே கை வைக்காமல் நம்முடைய முறையை வெளியிலிருந்தே சொருகலாம். பெரிய குவான்டம் கம்ப்யூட்டர் வந்தால் டிஃபி-ஹெல்மன் உடைந்துவிடும் என்பதால், 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் எம்எல்-கெம் என்ற புது முறையைத் தரமாக அறிவித்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் அதைத் தன்னுள்ளேயே சேர்த்தது 2025-ல் வந்த 3.5 பதிப்பில். அதற்கு முன்பே அதை ஓட்டிப் பார்த்த பலர் இந்தப் புரொவைடர் வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒரு பக்கம் நான், பைத்தானில். மறு பக்கம் கூட்டாளி, சி-யில் புரொவைடராக. அவன் எழுதியது முக்கியமாக ஐந்து ஃபங்ஷன்கள். முதலாவது வேலைக்கு இடம் பிடிக்கும். 'இனிட்' நம்முடைய ரகசியத்தை வாங்கிக்கொள்ளும். 'செட் பியர்' எதிராளி அனுப்பிய எண்ணை வாங்கும். 'டிரைவ்' கணக்கைப் போட்டுப் பொது எண்ணைத் தரும். கடைசி ஃபங்ஷன் ரகசியத்தை அழித்து இடத்தைக் காலி செய்யும். இதில் 'டிரைவ்' சாதாரணமாக இரண்டு தடவை கூப்பிடப்படும். முதல் தடவை வெறுங்கையோடு வந்து 'எத்தனை பைட் வரும்?' என்று மட்டும் விசாரிக்கும்; இடம் ஒதுக்கிக்கொண்டு மறுபடி வந்து வாங்கிப் போகும். இது தெரியாமல் முதல் அழைப்பிலேயே விடையை எழுதப் போய், புரோகிராம் ஒரு வாரம் செத்துச் செத்து விழுந்தது. போதாததற்கு, சாவிகளை வைத்துப் பராமரிக்கும் 'கீ மேனேஜ்மென்ட்' பகுதியையும் தனியாக எழுதித் தந்தால்தான் லைப்ரரி நம் முறையைத் தொட்டே பார்க்கும். கூட்டாளி ராத்திரி ராத்திரியாக முழித்தது அதற்குத்தான்.

ஒருவழியாக முடிந்தது. நாற்பது தடவை ஓட்டினோம், நாற்பதும் சரி. ரிவியூ அன்று எல்லோரும் சுற்றி நிற்க, தைரியமாக எண்டரைத் தட்டினேன். செய்தி திறக்கவில்லை. மறுபடி தட்டினால் திறக்கிறது! 'அதிர்ஷ்டத்துல ஓடுற புரோகிராமா இது?' என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இந்தப் புராஜெக்ட் போனால் டிப்ளமோ தள்ளிப்போகும். 'பையன் இந்த வருஷம் முடிச்சிருவான்' என்று அப்பா சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மறுநாள் லேபில் ஆயிரம் தடவை தானாக ஓடும்படி ஒரு லூப் போட்டோம். மூன்று தடவை தப்பு. வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்றிலும் இரண்டு பக்கத்துப் பொது எண்ணும் அச்சு அசல் ஒன்றே. சாவி மட்டும் வேறு வேறு. முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம், சாயங்காலம்தான் பிடிபட்டது. பொது எண்ணுக்கு இடம் 256 பைட். சில சமயம் அதன் முதல் பைட் பூஜ்யமாக வந்துவிடும். 0045 என்பதை நாம் 45 என்றுதானே எழுதுவோம்? என் பைத்தான் வரியும் அப்படியே முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தள்ளிவிட்டு 255 பைட்டாக எழுதியது. கூட்டாளி பக்கம் பூஜ்யத்தோடு 256 பைட். எண்ணாகப் பார்த்தால் ஒன்று. பைட்டாகப் பார்த்தால் வேறு. அதை ஹேஷில் போட்டுச் சாவி எடுத்தால் சம்பந்தமே இல்லாத இரண்டு சாவிகள்! ஒரு பைட்டுக்கு 256 மதிப்புகள் என்பதால் சராசரியாக 256-ல் ஒரு தடவை இது நடக்கும். நாற்பது தடவை மட்டும் ஓட்டிப் பார்த்தால் மாட்டாமலே போக சுமார் 85 சதவீதம் வாய்ப்பு உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

பெரியவர்களுக்கே இதில் ஒரே கருத்து இருந்ததில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இணையத்தில் செய்திகளைப் பூட்டும் டி.எல்.எஸ். விதிகளில், 2008-ல் வந்த 1.2 பதிப்பு முன் பூஜ்யங்களை நீக்கச் சொன்னது. 2018-ல் வந்த 1.3 பதிப்பு, நீக்காதே, பகா எண்ணின் நீளத்துக்குப் பூஜ்யம் நிரப்பு என்கிறது. நீக்கினால் நீளம் மாறும். நீளம் மாறினால் ஹேஷ் போட ஆகும் நேரமும் துளி மாறலாம். அந்தத் துளி நேரத்தை அளந்தே ரகசியத்தைத் தோண்ட முடியும் என்று 2020-ல் 'ரக்கூன்' என்ற தாக்குதல் காட்டியது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் உள்ள டிஃபி-ஹெல்மனும் நாம் கேட்டால்தான் பூஜ்யம் நிரப்பும், கேட்காவிட்டால் விட்டுவிடும்.

ஒரு தப்பு கிடைத்ததும் மற்றதையும் துருவினோம். என் பக்கம் எதிராளியின் எண்ணை வந்தபடியே நம்பியிருந்தேன். பழைய 29-க்கே வருவோம். எதிராளி 1 அனுப்பினால் நான் எந்த ரகசியம் வைத்திருந்தாலும் விடை 1. 28 அனுப்பினால் 1 அல்லது 28. அதைவிட நைசாக 12 அனுப்பினால் விடை 12, 28, 17, 1 இந்த நான்குக்குள்தான் சுற்றும், போட்டுப் பாருங்கள். 28-ஐ நான்காக வகுக்க முடிவதால் வரும் வினை இது. ஆகவே, ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினாலும் பகா எண்ணாகவே வருகிற பகா எண்ணாகத் தேட வேண்டும். நாமே தேடிக் கஷ்டப்பட வேண்டியதில்லை. 2003-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 3526 ஆவணத்தில் 14-ஆம் எண்ணுள்ள குழு அப்படிப்பட்டதுதான்; அதற்கும் அடி எண் 2. அப்போதும் 0, 1, பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த எண், அதற்கு மேற்பட்டவை வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அந்த வாசல்தான் 'செட் பியர்'. கூட்டாளி அதை எழுதியிருந்தான். நான் எழுதவில்லை. அதோடு ரகசிய எண்ணைப் பைத்தானின் 'ரேண்டம்' கொண்டு எடுத்திருந்தேன். அது விளையாட்டுக்கும் மாதிரிக் கணக்குக்கும்தான் ஆகும். இதற்கென்றே 'சீக்ரெட்ஸ்' என்று தனியாக இருக்கிறது.

எல்லாம் சரி செய்து நிமிர்ந்தபோது பக்கத்து பெஞ்ச் நண்பன் ஒருவன் வந்தான். தன் மெஷினை எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டான். என்னோடு ஒரு சாவி, கூட்டாளியோடு வேறு சாவி. என் செய்தியைத் திறந்து படித்து, மறுபடி பூட்டி அந்தப் பக்கம் தள்ளினான். இரண்டு திரையிலும் 'சாவி சேர்ந்தது' என்று பெருமையாக வந்துகொண்டிருந்தது. ஒரு வரி தப்பு இல்லை, கணக்கு சுத்தம், ஆள்தான் வேறு! ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. 'எதுக்க நிக்கறவன் மூஞ்சியப் பாக்காம எவன்டா துண்டுக்குள்ள கையக் குடுப்பான்?' என்றார்.

மூஞ்சிக்குப் பதிலாகக் கையெழுத்தைச் சேர்த்தோம். இருவரின் கையெழுத்துப் பொதுச் சாவிகளையும் முன்கூட்டியே பென் டிரைவில் நேருக்கு நேர் மாற்றிக்கொண்டோம். பரிமாற்றத்தில் போன இரண்டு எண்களையும், அனுப்புகிறவர் பெறுகிறவர் பெயரையும் சேர்த்து ஒவ்வொருவரும் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் புரோகிராம் நின்றுவிடும். இந்தத் தடவை கையெழுத்து முறையை நாங்களே எழுதவில்லை. லைப்ரரியில் இருக்கும் எட்25519-ஐ எடுத்து வைத்துக்கொண்டோம். நண்பன் மறுபடி நடுவில் புகுந்து பார்த்தான். முதல் செய்திக்கே நின்றுவிட்டது.

இரண்டாவது ரிவியூவில் சார் ஒரு தடவை ஓட்டச் சொன்னார். 'ஆயிரம் தடவை ஓட்டறோம் சார்' என்றோம். புரோகிராம் இப்போது லேபில் ஏழாவது மெஷினில் இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். லூப் ஓடி முடிய நேரமாகும். ஓடவிட்டுட்டு கேன்டீன் பக்கம் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.