இரு மொழிகளுக்கு இடையே ஒரு பள்ளி

நுழையும்முன்
பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் செல்வோர் உழைப்போடு மொழியையும் பிள்ளைகளையும் உடன் கொண்டு செல்கின்றனர். வந்த இடத்தில் அப்பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்னும் வினாவை இப்பாடம் ஆராய்கிறது.

பல மொழி வழங்கும் மண்

சென்னைக்கு வடக்கே, கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ளது மீஞ்சூர். அதற்கு வடக்கே விரியும் பழவேற்காடு ஏரி, இந்திய உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்த பெருமை உடையது. ஆந்திர எல்லையையும் தொட்டு நிற்பதால், இவ்வேரியைச் சூழ்ந்த ஊர்களில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக வழங்குகின்றன. 1613இல் டச்சுக்காரர் இங்குக் கோட்டை எழுப்பினர். வேற்றுமொழி இம்மண்ணுக்குப் புதிதன்று.

இன்று அத்திப்பட்டு அனல்மின் நிலையமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளும் வடமாநிலத் தொழிலாளர்களை ஈர்க்கின்றன. சூளைத் தொழிலாளர் பலர் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வந்து, கோடை முடிவில் ஊர் திரும்புவர். கல்வியாண்டோ சூன் மாதத்தில் தொடங்குகிறது. எனவே, அவர்தம் பிள்ளைகளுக்கு இரண்டு ஊரிலும் படிப்பு பாதியில் அறுபடுகிறது.

மூன்று வழிகள்

இப்பெற்றோர்முன் மூன்று வழிகள் உள்ளன. பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவரலாம். படிப்பு தொடரும், ஆனால் பெற்றோரின் அரவணைப்பு இல்லை. அருகிலுள்ள அரசுப் பள்ளியில் சேர்க்கலாம். கட்டணமின்றிக் கல்வியும் உணவும் கிடைக்கும், ஊர்ப்பிள்ளைகளின் நட்பும் வாய்க்கும். எனினும், பாடமொழி புரியாத பிள்ளை முதல் சில மாதங்கள் வாய்மூடி அமர நேரும். சூளையருகே ஒடியா மொழியில் நடத்தப்படும் மையத்திற்கு அனுப்பலாம். ஊர் திரும்பியபின் விட்ட பாடத்தைத் தொடரலாம். ஆனால், தமிழ்ப் பிள்ளைகளோடு கலந்து பழகும் வாய்ப்பு குறையும்.

ஆறு மாதத்தில் திரும்பிச் செல்லும் பெற்றோருக்குத் தாய்மொழிக் கல்வி முதன்மையாகத் தோன்றும். இங்கேயே வேரூன்ற எண்ணுவோருக்கோ தமிழே வாழ்வின் திறவுகோல். ஆகவே, பன்முகச் சூழல் நல்லதா என்பதைவிட, அச்சூழலில் தம் பிள்ளைக்கு இடம் உண்டா என்பதையே அவர்கள் சீர்தூக்குகின்றனர்.

சட்டத்தின் துணை

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், புலம்பெயர்ந்த குடும்பத்துக் குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கையை உறுதிசெய்யும் கடமையை உள்ளாட்சி அமைப்புகளுக்கு அளித்துள்ளது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கவும் அச்சட்டம் வலியுறுத்துகிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமோ தமிழகப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. இவ்விரண்டையும் இணைக்கும் பொறுப்பு வகுப்பறையைச் சார்ந்தது.

கடல்கடந்த தமிழர்

இதே தராசைத் தமிழரும் ஏந்தியுள்ளனர். மலேசியத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் தம் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகளை வளர்த்தனர். இன்றும் அங்கு 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. தொடக்கக் கல்வியைத் தமிழில் பெறுவதா, மலாய், சீனப் பிள்ளைகளோடு தேசியப் பள்ளியில் பயில்வதா எனப் பெற்றோர் இன்றும் எண்ணிப் பார்க்கின்றனர். தாய்மொழியை இழக்க அஞ்சும் தமிழ்த்தாயின் கவலையும், மீஞ்சூரில் செங்கல் அறுக்கும் ஒடியாத் தாயின் கவலையும் வேறல்ல.

ஒரு வகுப்பில் எத்தனை மொழி பேசுவோர் அமர்ந்துள்ளனர் என்பது வெறும் எண்ணிக்கை. புதிதாக வந்த பிள்ளை தன் மொழியில் ஒரு கதை சொல்ல, மற்றவர் செவிமடுக்க, அதன்பின் அப்பிள்ளை தமிழில் முதல் சொல்லைத் தயங்காமல் உரைக்குமாயின், அப்பள்ளியைப் பெற்றோர் அச்சமின்றித் தேர்ந்தெடுப்பர்.

கற்பவை கற்றபின்...
1. உங்கள் வகுப்பிற்குத் தமிழ் அறியாத மாணவர் ஒருவர் வந்தால், முதல் வாரத்தில் அவருக்கு எவ்வாறு உதவுவீர்கள்? குழுவாகக் கலந்துரையாடித் திட்டம் ஒன்றை எழுதுக.
2. உங்கள் பகுதியில் வழங்கும் பிறமொழிகளைக் கேட்டறிந்து, ‘அம்மா’, ‘நீர்’, ‘பள்ளி’ ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களைத் தொகுக்க.