எந்தக் கோப்பை விலக்குவது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஜக்கார்டு பெட்டி பொருத்திய தறியைப் பார்த்திருக்கிறீர்களா? தறியின் மேலே துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோல் கோத்துத் தொங்கும். பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-இல் அமைத்த பொறி அது. சேலையில் வரவேண்டிய மயிலை முதலில் கிராப் தாளில் வரைகிறார்கள். ஒரு வரிசைக்கு ஓர் அட்டை. நிரப்பிய கட்டத்துக்கு ஒரு துளை. துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலெழும். இல்லாத இடத்தில் எழாது. எனவே, தாள் இருந்தால் அட்டையை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் அடித்துக்கொள்ளலாம்.

கணிப்பொறியிலும் இதே கதைதான். நாம் எழுதுவது மூல நிரல். அதிலிருந்து கம்பைலர் ஆக்கித் தருவது விளைகோப்பு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய 'கிட்' என்னும் மென்பொருள், கோப்புகளின் ஒவ்வொரு திருத்தத்தையும் வரலாறாகச் சேர்த்து வைக்கிறது. அதில் விளைகோப்புகளையும் சேர்த்தால் வரலாறு வீணாகப் பெருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, மூலம் ஒன்று சொல்ல, பழைய விளைகோப்பு வேறொன்று சொல்வது. என் மாணவர் இருவர் ஊசல் பற்றிய நிரலைத் திருத்திவிட்டு, சேமிப்பில் கிடந்த பழைய விளைகோப்பையே ஓட்டி, விடை மாறவில்லையே என்று ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்!

இதற்காகவே 'கிட்இக்னோர்' என்ற கோப்பில், விலக்க வேண்டியவற்றின் பெயர்களை எழுதி வைக்கிறோம். (முன்பே வரலாற்றில் சேர்ந்துவிட்ட கோப்பு, பட்டியலில் பெயர் எழுதியதால் மட்டும் விலகாது, அதைத் தனியே நீக்க வேண்டும்.) ஐயம் வந்தால் ஒரு சோதனை செய்யலாம். சேமிப்பிலிருந்து புதிய படி ஒன்றை வேறிடத்தில் எடுத்து, அதைக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கிப் பாருங்கள். உருவாகிறதா? அப்படியானால் விளைகோப்பை விலக்கலாம்.

ஆனால் கிராப் தாள் தொலைந்துபோன பழைய அட்டைக் கட்டு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கி எறியலாமா? கூடாது. இப்போது அட்டையே மூலம்! அட்டையை அடித்த பிறகு அதிலேயே ஒரு துளையை அடைத்துப் பிழை திருத்தியிருந்தாலும் அப்படித்தான். அந்தத் திருத்தம் தாளில் இல்லை. பொறி ஆக்கித் தந்த கோப்பில் நாம் கைவைத்துத் திருத்தினாலும் இதே நிலைதான்.

இயற்பியல் படிப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தின்போது ஒளிமானி ஒன்று தானாகவே ஓர் அளவீட்டுக் கோப்பை எழுதியிருந்தால், அதுவும் பொறி எழுதியதுதானே என்று விலக்கிவிடலாமா? அதிலிருந்து வரைந்த வரைபடத்தை விலக்கலாம், மீண்டும் வரைந்துகொள்ளலாம். அன்று காலை கிடைத்த அளவீடுகளை எந்தக் கம்பைலரும் திருப்பித் தராது.