பின்னேரம் செருப்பு இறுக்குகிறதா?

இரவு எட்டு மணிக்கு யாழ்ப்பாண நகரத்துப் புடவைக்கடைகள் பூட்டும்போது வெளியே வரும் பிள்ளைகளின் நடையைப் பாருங்கள். காலையில் தளர்வாகக் கிடந்த செருப்பு வார் இப்போது பாதத்தை வெட்டுகிறது. “நிண்டு செய்யிற வேலை, அப்பிடித்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். நிற்பதால் வரும் வீக்கம் உண்டு, அதைக் குறைக்க வழியும் உண்டு. ஆனால் எல்லா வீக்கத்துக்கும் வேலையைக் குற்றம் சொல்ல முடியாது. எது வேலையால் வந்தது, எது வருத்தத்தால் வந்தது என்று பிரித்தறிவது, பில் போடத் தெரிவதைப் போல வேலைக்கு வேண்டிய அறிவு.

முதலில் ஒரு சோதனை. படுக்கப் போகுமுன் கணுக்காலுக்கு மேல், முன்னெலும்பின் மீது பெருவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து நின்றால் நீர் கோத்திருக்கிறது. விடிந்ததும் மறுபடி பாருங்கள். இரண்டு காலிலும் ஒரே அளவாக இருந்து இரவுக்குள் வற்றிவிட்டால் பெரும்பாலும் நிற்பதுதான் காரணம். காலையிலும் குழி விழுந்தால் அந்தக் கிழமைக்குள் வைத்தியரைப் பாருங்கள்.

காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை. ஒவ்வொரு எட்டிலும் அது நாளங்களைப் பிழிகிறது. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் நாளத்தில் அழுத்தம் 80, 90 மில்லிமீற்றர் பாதரசம் வரை போகும். நடக்கத் தொடங்கினால் 30 அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே கெடுதல் செய்வது நிற்பதைவிட அசையாமை. வங்கியில் நாள் முழுக்க இருக்கும் காசாளருக்கும், கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டுபவருக்கும் கால் வீங்குவது இதனால்தான். சித்திரை வெக்கையில் நாளங்கள் விரிந்து இன்னும் கூடும்.

அரை மணிக்கு ஒருமுறை, நின்ற இடத்திலேயே குதியை இருபது தரம் உயர்த்தி இறக்குங்கள். காலடியில் ஒரு சின்னப் பலகை போட்டு ஒரு காலை மாற்றி மற்றக் காலை வையுங்கள். வீட்டுக்குப் போனதும் இரண்டு தலையணையில், நெஞ்சு மட்டத்துக்கு மேலாகக் காலை உயர்த்தி இருபது நிமிடம் படுங்கள். உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதியச் சோற்றுப் பார்சலில் கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் ஒன்றாக வேண்டாம். மலசலகூடம் தூரம் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால் வீக்கம் குறையாது, சலக்கடுப்புத்தான் வரும்.

இனிக் கதிரை. கோழிக்கோட்டில் தையல்தொழிலாளியான விஜி, கடைப் பெண்களைச் சேர்த்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி, இருக்கும் உரிமைக்காக வருடக்கணக்கில் போராடினார். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் பின்தொடர்ந்து, கடை ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தரவேண்டும் என்று எழுதியது. நமது கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டினது. வேலை நேரத்தை அது நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று வகுத்திருக்கிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், தீபாவளிக்கு முந்திய கிழமையும் கூடுதலாக நின்றால் குறித்து வையுங்கள். அது மேலதிக நேரம்.

கதிரையைச் சனக்கூட்ட நாளில் கேட்காதீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டு பேராகப் போய்ச் சொல்லுங்கள்: “ஐயா, பின்னேரம் கால் வீங்குது. ஆக்கள் இல்லாத நேரம் மாறி மாறி இருக்க ஒரு கதிரை தாங்கோ. ஆள் வந்த உடன எழும்பிடுவம்.” இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதலாளிமாருக்கும் ஒன்று சொல்கிறேன்: பழகிய பிள்ளை கால் உளைவில் வேலையை விட்டுப் போனால், புதிதாய் வருபவரைப் பழக்கும் செலவு ஒரு மடக்குக் கதிரையின் விலையைவிடக் கூட.

வேலையால் வராத வீக்கத்துக்கு வருவோம். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டை நொந்து, சூடாக இருந்தால் நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கலாம். நீண்ட பஸ் பயணத்துக்குப் பிறகு இது வருவதுண்டு. தேய்த்து உருவ வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள், காசில்லை. முகமும் வீங்கிச் சலம் நுரைத்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்குத் தலையிடி, கண் மங்கல், கை முகம் வீக்கம் என்றால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது. சீனி வருத்தக்காரரின் பாதம் நோவில்லாமல் சிவந்து வீங்குவதும் அவசரம்தான். அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறுக்கக் காலுறை போடவும் கூடாது.

குளிசையும் கால் வீங்க வைக்கும். பிறசருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் அப்படிப்பட்டது. நீங்களாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால் மாற்றித் தருவார். கால் உளைவுக்கென்று பார்மசியில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வீக்கத்தைக் கூட்டும். அயலார் “யானைக்காலோ?” என்று பயமுறுத்துவார்கள். அது இங்கே மேல், தென், வடமேல் மாகாணங்களில் இருந்த வருத்தம். இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்துவிட்டது.

யாழ் போதனா வைத்தியசாலை தூரமென்றால் தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. போடுகிற குளிசை எல்லாவற்றையும் பையில் கொண்டுபோங்கள். 1847இல் இங்கு வந்த டொக்டர் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அந்த மண்ணில் நின்று வருத்தத்தைச் சொல்லச் சொல் தேட வேண்டாம். உளைவு, கடுப்பு, விறைப்பு, எரிவு என்று சரியாகப் பிரித்துச் சொன்னால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்தது. இருந்து செய்யும் வேலை வேண்டுமென்று அவர் நினைத்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரதியை முதலாளியிடம் கொடுத்து, மூலத்தை வீட்டில் வையுங்கள்.