கெப் வண்டியை உயர்த்தல்: வில்லும் நிறையும் பற்றிய ஓர் ஆராய்வு

கட்டைவண்டிக்கும் வில்வண்டிக்கும் இடையேயுள்ள வேற்றுமையை நம்முள் மூத்தோர் நன்கறிவர். கட்டைவண்டியிலே அச்சும் தட்டும் இறுகப் பிணிக்கப்பட்டிருந்தமையின், சில்லு பள்ளத்தில் விழுந்தால் வண்டி முழுவதும் விழும்; மேட்டில் ஏறினால் முழுவதும் ஏறும். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே எஃகு வில்லை அமைத்த அளவிலே வில்வண்டி தோன்றிற்று. இன்று நம் வீதிகளில் ஓடும் கெப் வண்டியும் இவ்வகையில் வில்வண்டியின் வழித்தோன்றலே. அதன் பின்னச்சின்மேல் அடுக்கப்பட்டிருக்கும் பட்டைவில்லைக் குனிந்து பார்ப்போர்க்கு இது புலனாகும்.

இவ்வண்டிகளை உயர்த்தும் வழக்கம் இப்போது பெருகியுள்ளது. மணலிலும் கற்பாறையிலும் வண்டி செலுத்துவோர் மிகுந்த அவுஸ்திரேலியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இது பெரியதொரு தொழிலாகவே நடைபெறுகின்றது. இரண்டு அங்குலம், நான்கு அங்குலம், ஆறு அங்குலம் என உயர்த்தும் உறுப்புகள் தொகுதி தொகுதியாக விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கச் செல்வோர் முதலிற் கேட்பது எத்தனை அங்குலம் என்பதே. விற்போர் அறிவுடையராயின், அவர் திருப்பிக் கேட்பது வண்டி நாள்தோறும் எவ்வளவு நிறையைச் சுமக்கின்றது என்பதாகும். இவ்விரு வினாக்களுள் பின்னையதே முந்துதற்குரியது என்பதைப் பாடசாலைப் பௌதிகத்தின் துணைகொண்டே காட்டலாம். எடுத்துக்காட்டாக, 2015ஆம் ஆண்டில் வெளிவந்த எட்டாந் தலைமுறை ஹைலக்ஸ் வண்டியைக் கொள்வோம். முன்னே சில்லுக்கொன்றாகத் தனித்தியங்கும் சுருளிவில், பின்னே ஒரே திண்ணிய அச்சும் பட்டைவில்லும் என்பது அதன் அமைப்பு.

வில்லை மாற்றுவதால் எது உயர்கின்றது, எது உயரவில்லை என்பதை முதலில் தெளிதல் வேண்டும். பின்னச்சும் அதன் நடுவே பருத்திருக்கும் டிபரன்ஷல் உருளையும் வில்லுக்குக் கீழே உள்ளவை. வில்லை எத்துணை உயர்த்தினும் அவை இருந்த இடத்திலேயே இருக்கும். கல் ஒன்று டிபரன்ஷலில் மோதும் இடர், ஆறு அங்குலம் உயர்த்திய வண்டிக்கும் உயர்த்தாத வண்டிக்கும் ஒன்றே. அதனை உயர்த்த வல்லது பெரிய ரயர் மாத்திரமே. அதுவும் விட்டத்திற் பாதியளவே உயர்த்தும். 265/65R17 என்னும் ரயரின் விட்டம் ஏறத்தாழ 776 மி.மீ.; 265/70R17 ரயரின் விட்டம் 803 மி.மீ. வேற்றுமை 27 மி.மீ.; அச்சு உயர்வது 13 மி.மீ. அளவே. இம்மாற்றத்தால் வேகமானி காட்டும் அளவினும் வண்டி நூற்றுக்கு மூன்றரைப் பங்கு விரைந்தோடும் என்பதையும் மாணவர் தாமே கணித்தறியலாம்.

அங்ஙனமாயின் வில்லை உயர்த்துவதாற் பயன் யாது? சட்டகமும் முன்பம்பரும் பின்முனையும் உயர்கின்றன. முகடு ஒன்றை ஏறிக் கடக்கையில் வண்டியின் வயிறு நிலத்தில் தட்டுவது பலரும் கண்டதொன்று. ஹைலக்ஸின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைத்தூரம் 3085 மி.மீ.; நடுவயிறு நிலத்திலிருந்து 280 மி.மீ. உயரத்திலிருப்பதாகக் கொண்டு, சில்லின் வளைவைக் கணியாது விட்டால், கடக்கத்தக்க முகட்டின் கோணம் ஏறத்தாழ 20.6 பாகை. 50 மி.மீ. உயர்த்திய பின் அது 24.1 பாகையாகும். இம்மூன்றரைப் பாகை காட்டுவழியிற் பெரிதும் உதவும். பெரிய ரயர் சேற்றுக்காப்பில் உரையாது சுழல இடமுண்டாதலும் ஒரு பயனே. கூண்டுக்கும் சட்டகத்துக்கும் நடுவே கட்டைகளை வைத்துக் கூண்டை மட்டும் உயர்த்தும் முறையும் ஒன்றுண்டு. அது ரயருக்கு இடந்தருமேயன்றிச் சட்டகத்தை அணுவளவும் உயர்த்தாதாகையால், அதனை இவ்வளவோடு விடுகின்றோம்.

இனி வில்லின் இயல்பைக் காண்பாம். றொபேட் ஊக் 1678ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி, வில்லின் நீட்சியும் ஒடுக்கமும் அதன்மேல் தாக்கும் விசைக்கு விகிதசமமானவை என்பதாகும். பின்பக்கத்துப் பட்டைவில் ஒன்று மில்லிமீற்றருக்கு 40 நியூற்றன் வலிமையுடையது என வைப்போம். பின்தட்டில் 300 கிலோகிராம் ஏற்றினால், பக்கத்துக்கு 150 கிலோகிராம். அதாவது 1470 நியூற்றன். வில் 37 மி.மீ. தாழும். வாங்கிய இரண்டு அங்குல உயரத்தில் முக்காற்பங்கு ஒரு சுமையோடு போயிற்று. 60 நியூற்றன் வலிமையுள்ள வில்லாயின் தாழ்வு 25 மி.மீ. அளவிலே நிற்கும்.

இதனைக் கண்டு வலிய வில்லே நல்வில் எனத் துணிதல் கூடாது. வண்டி வெறுமையாக ஓடும்போது, பின்புறத்தில் ஒவ்வொரு வில்லின்மேலும் 350 கிலோகிராம் இருப்பதாகக் கொள்க. மென்மையான வில்லில் அது வினாடிக்கு 1.7 முறை அதிரும். வலிய வில்லில் 2.1 முறை. மீடிறன் வினாடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் இருப்பின் உடலுக்கு இதமாக இருக்கும். இரண்டைக் கடந்தால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பிற் பதியும். அதற்கு மேலாக, ஈரமான வளைவொன்றிலே வெறுந்தட்டுடைய வண்டியின் பின்சில்லுகள் துள்ளி நிலத்தோடு பிடிப்பை இழக்கும். அதே வலிய வில்லின்மேல் மேலும் 400 கிலோகிராம் வைத்துப் பாருங்கள்: மீடிறன் 1.4 ஆக இறங்கி வண்டி அமைதியாக ஓடும். ஆகவே வில்லின் தகுதி சுமையைப் பொறுத்தது. நல்ல உற்பத்தியாளர் தம் அட்டவணைகளிலே, நிலையாக இத்தனை கிலோகிராம் சுமக்கும் வண்டிக்கு இந்த வில் என வகுத்திருப்பது இதுபற்றியே. நிலையாக என்னும் சொல்லை வாசகர் கவனிக்க. எஃகு முன்காப்பும், இழுவைப்பொறியும், தட்டின்மேல் மூடிய கூண்டும் இறங்காத சுமைகள். ஆண்டுக்கு இருமுறை ஏற்றும் நெல்மூடை நிலையான சுமையன்று.

இடையிடையே பெருஞ்சுமை ஏற்றுவோர் வில்லுக்குத் துணையாகக் காற்றுப் பைகளை வைப்பதுண்டு. பட்டைவில் தன் சுமையைச் சட்டகத்தின் இரண்டு இடங்களில் பகிர்ந்து கொடுக்கின்றது. காற்றுப் பையோ அச்சுக்கு நேர்மேலே ஒரே புள்ளியிற் கொடுக்கின்றது. பின்னச்சுக்கு அப்பால் மிகு சுமை தொங்க, பையும் நிரம்பக் காற்றடைக்கப்பட்டிருந்த இரட்டைக்கூண்டு வண்டிகள் சிலவற்றின் சட்டகமே வளைந்த செய்தி அவுஸ்திரேலியாவிற் பலரும் அறிந்ததாகும்.

வில்லின் அதிர்வை அடக்குவது கராஜ்களில் ஷொக் அப்சோபர் என வழங்கும் உறுப்பு. அப்பெயர் பொருத்தமற்றது என்பது எம் கருத்து. அதிர்ச்சியைத் தாங்குவது வில்லும் ரயருமே. இது வில்லின் ஆட்டத்தைத் தணிப்பது. ஆதலின் தணிப்பி என்போம். வில்லிற் சேர்ந்த சத்தியை எண்ணெயின் வழியே வெப்பமாக மாற்றுவதே இதன் தொழில். வில்லை வலிதாக்கிப் பழைய தணிப்பியையே விட்டுவைத்தால், அமுங்கிய வில் மீண்டெழும் வேகத்தை அதனால் அடக்கவியலாது. மேலும் உயர்ந்த வில்லுக்குப் பழைய தணிப்பி நீளம் போதாமல், சில்லு இறங்குந்தோறும் முற்ற நீண்டு தட்டுண்ணும். வட மேற்கு அவுஸ்திரேலியாவின் கிப் றிவர் வீதி போன்று அலையலையாக வரி விழுந்த சரளைப் பாதைகளில், மணிக்கணக்காக ஓடும் வண்டியின் தணிப்பி தொடமுடியாத சூடடையும். எண்ணெய் நுரைத்துத் தணிக்கும் ஆற்றல் குன்றும். ஒற்றைக் குழாயமைப்பில் நைதரசன் வாயுவை அமுக்கத்தில் வைத்திருக்கும் தணிப்பி விரைவிற் குளிரும். ஆயின் அதன் வெளிக்குழாயில் ஒரு கல் பட்டு ஒடுங்கினால் உள்ளே தண்டு சிக்கிக்கொள்ளும். வில்லையும் தணிப்பியையும் ஒருங்கே, ஒன்றுக்கொன்று இயைய வாங்குக. பணம் போதாதெனின் உயரத்தைக் குறைக்கலாம். தணிப்பியைக் குறைத்தல் தகாது.

முன்புறத்தில் மலிவான வழியொன்றுண்டு. சுருளிவில்லும் தணிப்பியும் சேர்ந்த தூணின் தலையிலே 25 மி.மீ. கனமுள்ள வளையம் ஒன்றை வைத்தால், அத்தூண் கீழ்க்கையின் நடுப்பகுதியிலே பொருந்தியிருப்பதால், சில்லினிடத்தில் ஏறக்குறைய இருமடங்கு உயர்வு கிடைக்கும். நெம்புகோல் விதியை அறிந்தார்க்கு இது வியப்பன்று. ஆயினும் சில்லு எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு எல்லையாக இருந்தது அத்தூணின் நீளமே. வளையம் அவ்வெல்லையைத் தளர்த்திவிடுகின்றது. சில்லு அளவுக்கு மீறி இறங்கும்போது மேற்கை சுருளிவில்லிற் சென்று முட்டும். பந்துமூட்டு தன் கோணத்தின் கடைக்கோடிக்குச் செல்லும்.

சில்லைச் சுழற்றும் அரைத்தண்டுக்கும் இதே துன்பம் உண்டு. அது 500 மி.மீ. நீளமும் தொடக்கத்திற் கிடையாகவும் இருப்பதாக வைத்தால், 50 மி.மீ. உயர்த்தலில் 5.7 பாகை சாயும், 100 மி.மீ. உயர்த்தலில் 11.5 பாகை. சில்லு திரும்பும் கோணம் இதனோடு சேரும். மூட்டின் இரப்பர் உறை மடிப்புக்கு மடிப்பு உரைந்து கிழிய, மசகு வெளியேறி மணல் உட்புகும். டிபரன்ஷலையே தாழ்த்தி அமைக்காமல் முன்புறத்தை 50 மி.மீ.க்கு மேல் உயர்த்துதல் ஹைலக்ஸ் போன்ற அமைப்பில் தகாது என்பதற்கு இதுவே தலையாய காரணம். இன்னும், உயர்த்தலாற் சில்லின் திருப்பச்சு முன்னோக்கிச் சாய்ந்துவிடுவதால், திருப்பிய பின் சில்லு தானே நேராகும் குணம் குன்றும். துவிச்சக்கர வண்டியின் முன்கவர் பின்சாய்ந்திருப்பதன் பயனை அறிந்த மாணவர்க்கு இது விளங்கும். கோணங்களை அளந்து திருத்தும் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டு செல்லாது முடித்த உயர்த்தல், பாதி வேலையேயாகும்.

உயிரோடு தொடர்புடைய பகுதிக்கு இப்போது வருகின்றோம். இரு பக்கச் சில்லுகளின் இடைத்தூரத்தைப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தினது இருமடங்கால் வகுக்கக் கிடைக்கும் எண், வண்டி கவிழாது நிற்கும் தன்மைக்கு ஓரளவுகோலாகும். ஐக்கிய அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிருவாகம் வண்டிகளைத் தரப்படுத்த இதனைப் பயன்படுத்துகின்றது. இடைத்தூரம் 1540 மி.மீ., மையத்தின் உயரம் 720 மி.மீ. எனக் கொள்வோம், எண் 1.07. மையம் 50 மி.மீ. உயர்ந்தால் 1.00. 100 மி.மீ. உயர்ந்தால் 0.94. அச்சும் சில்லும் உயராமையின் உண்மையில் மையம் சிறிது குறைவாகவே உயரும். ஆயினும் தட்டின் கூரைமேல் ஏணியும் உதிரிச் சில்லும் ஏற்றுவோர் அச்சிறு வாய்ப்பையும் இழந்துவிடுகின்றனர். உயர்த்தப்படாத ஹைலக்ஸே 2016ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுச் சஞ்சிகை ஒன்று நடத்திய திடீர் விலகற் சோதனையில் இரண்டு சில்லுகளில் எழுந்தது. உற்பத்தியாளர் திருத்தஞ் செய்த பின்னரே 2017இல் அச்சோதனையைத் தாண்டியது. தொழிற்சாலையிலே பொறியியலாளர் அரிதிற் பெற்ற இந்தச் சமநிலையை நகரத்துக் கடைவீதியில் எடுப்பாகத் தோன்றுதற்பொருட்டுக் குலைக்கும் இளைஞரை எவ்வாறு பாராட்டுவது?

தடுப்பிலும் மறைந்த இடரொன்றுண்டு. பழைய ஹைலக்ஸ் வண்டிகளில் பின்னச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே ஒரு கோலும் வால்வும் உண்டு. சுமை ஏறிச் சட்டகம் தாழ்ந்தால் பின்பிறேக்குக்கு மிகுந்த அமுக்கத்தையும், சட்டகம் உயர்ந்திருந்தால் குறைந்த அமுக்கத்தையும் அது அனுப்பும். வண்டியை உயர்த்திவிட்டுக் கோலைத் திருத்தாது விட்டால், நிறைந்த சுமையோடு போகையிலும் வண்டி வெறுமையாக உள்ளது என்றே வால்வு கருதும். பின்பிறேக் தன் பங்கைச் செய்யாது. பிறேக் குழாயின் நீளமும் அவ்வாறே. வண்டியைத் தூக்கிச் சில்லு முற்றத் தொங்கும் நிலையிற் குழாய் இறுகி நிற்கின்றதா என்பதைப் பார்த்தாலன்றி அறியவியலாது.

சட்டங்களும் இவ்வெல்லைகளையே பின்பற்றுகின்றன. குயின்ஸ்லாந்து மாநிலம் 2018ஆம் ஆண்டிற் செய்த திருத்தத்தில், சான்றிதழின்றி மொத்தம் 75 மி.மீ. உயர்த்த இடமளித்தது, அதில் வில்லின் பங்கு 50 மி.மீ.க்கு மேற்படலாகாது. பிற நாடுகளில் வாழும் பழைய மாணவர், உறுப்பை வாங்குமுன் தத்தம் இடத்து விதியையும் காப்புறுதிப் பத்திரத்தையும் வாசித்துக்கொள்வாராக. உயர்த்தல் வண்டி சுமக்கத்தக்க சட்டப்படியான நிறையைக் கூட்டுவதில்லை என்பதும் அங்கே காணப்படும்.

ஆகவே, கிழமை நாட்களில் வெறுமையாகவும் விடுமுறையில் நால்வரோடும் கூடாரத்தோடும் காட்டுவழி செல்லும் ஹைலக்ஸ் ஒன்றுக்கு நாம் கூறுவது: முன்னே 40 முதல் 50 மி.மீ., பின்னே அதனிற் சிறிது குறைய. வளையமன்று, முன்காப்பின் நிறைக்கேற்ற புதிய சுருளிவில். பின்னே இடைத்தர வலிமையுள்ள முழுப் பட்டைவில். இவற்றோடு வந்த தணிப்பிகள். பின்புறத்தைக் குறைய உயர்த்தச் சொல்வதற்குக் காரணம், தொழிற்சாலையிலிருந்தே கெப் வண்டியின் பின்புறம் சுமையை எதிர்பார்த்து உயர்ந்திருத்தல். முற்றும் மட்டமாக்கிவிட்டால், சுமை ஏறியபோது பின்புறம் அமர்ந்து, முன்விளக்கின் ஒளி எதிரே வருவோர் கண்ணிற் பாயும்.

பொருத்துமுன் ஒவ்வொரு சில்லின் நடுப்புள்ளியிலிருந்தும் சேற்றுக்காப்பின் விளிம்பு வரையுள்ள உயரத்தை அளந்து குறித்துவைக்க. பொருத்தியபின்னும் 1000 கி.மீ. ஓடியபின்னும் மீண்டும் அளக்க. அப்போதே எல்லா ஆணிகளையும் மறுபடி இறுக்குதல் வேண்டும். கைகளினதும் பட்டைவில்லினதும் இரப்பர்ப் புதைகளிற் செல்லும் ஆணிகளை வண்டி தூக்கியிலிருக்கும்போது இறுதியாக இறுக்கலாகாது. வண்டியை நிலத்தில் இறக்கி, அதன் நிறை முழுவதும் சில்லுகளின்மேல் நின்றபின்னரே இறுக்குக. இன்றேல் அவ்விரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சில மாதங்களிற் கிழியும்.