பழைய ஸ்வெட்டர் மாதிரித் தாள்களில் தோளும் கழுத்தும் அமையும் முறை

கம்பளி நூலால் கையினாற் பின்னப்படும் ஸ்வெட்டரில் உடற்பாகம் எளியது. வேலை கெடுவது பெரும்பாலும் தோளிலும் கழுத்திலுமே. 1930 முதல் 1950 வரை இங்கிலாந்தில் அச்சான மாதிரித் தாள்கள் இவ்விரண்டையும் சில வரிகளிற் சொல்லி முடித்துவிடும். பழகிய கைகளுக்கு அதுவே போதுமாயிருந்தது. அந்நாட்டில் 1941 ஜூன் முதல் 1949 மார்ச் வரை உடைப் பங்கீடு அமுலில் இருந்தபோது, பின்னல் நூலுக்கும் கூப்பன் வேண்டியிருந்தது. பழைய உடுப்பைப் பிரித்து, அந்நூலாலேயே புதியது பின்னியோர் அநேகர். இன்று அத்தாள்களைக் கையாளுவோரும் நூல் வீணாகாதிருக்க, முதலில் அவற்றிலுள்ள கணக்கை அறிதல் அவசியம்.

1. அளவு. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு சுருக்கும் ஒரு கண்ணி எனப்படும். ஓர் அங்குலத்துக்கு 7 கண்ணியும் 9 வரிசையும் கொண்ட மாதிரியில், கைக்குழிக்கு மேல் 98 கண்ணிகள் இருப்பதாகக் கொள்வோம். அகலம் 14 அங்குலமாகும். தடித்த நூலால் அங்குலத்துக்கு 6 கண்ணியே விழுமாயின், அதே 98 கண்ணிகள் 16 அங்குலத்துக்கு மேற்போகும். தோள் நழுவிக் கையின்மேல் விழும். ஆகையால் சிறு துண்டு ஒன்று பின்னி அளந்த பின்னரே வேலையைத் துவக்க வேண்டும்.

2. பின்புறம். மனிதருடைய தோள் கழுத்திலிருந்து கையை நோக்கிச் சரிந்திருப்பது. அச்சரிவுக்காகக் கண்ணிகள் படிப்படியாக மூடப்படுகின்றன. “அடுத்த 8 வரிசைகளின் துவக்கத்தில் 8 கண்ணி மூடுக” என்றால், பக்கத்துக்கு 4 படியாக 32 கண்ணிகள் மூடப்படும். இரு தோளுக்கும் 64 போக, நடுவில் எஞ்சும் 34 கண்ணியே பின்கழுத்து.

3. முன்புறம். முன்கழுத்து தாழ்ந்திருக்க வேண்டுமாதலால், தோளுக்கு 18 வரிசை முன்னரே பிரிவு துவங்கும். நடுவில் 16 கண்ணி மூடினால் பக்கத்துக்கு 41 நிற்கும். கழுத்தோரத்தில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில், ஒவ்வொரு கண்ணியாக 9 முறை குறைத்தால் 32 எஞ்சும், அதுவே தோள். 16, 9, 9 கூடி 34 ஆவதால், முன்கழுத்தின் அகலம் பின்கழுத்துக்கு ஒத்ததாகும். இத்தொகை ஒவ்வாவிடில் தாளில் அச்சுப்பிழையோ, படித்ததிற் பிழையோ இருக்கும்.

4. மறுபக்கம். “மற்றப் பக்கத்தை மாற்றிப் பின்னுக” என்ற ஒரே வரியில் மயங்குவோர் பலர். கழுத்தோரம் எப்பொழுதும் நடுவை நோக்கியது. தோளின் படிகள் கைக்குழி ஓரத்தில் விழுவன. கண்ணிகளை வரிசையின் துவக்கத்தில்தான் தொகுதியாக மூட இயலும். ஆதலின் ஒரு தோள் நேர்ப்புற வரிசையில் மூடப்பட்டால், மற்றது உட்புற வரிசையில் மூடப்படும். இதனால் நேரும் ஒரு வரிசை வித்தியாசம் குற்றமன்று.

5. கழுத்துப் பட்டி. தோள்களை இணைத்தபின், கழுத்தோரத்திற் கண்ணிகளை எடுத்துப் பட்டி பின்னப்படும். கடைசி வரிசையைத் தளர்த்தியாக மூடாவிடில் தலை நுழையாது. இதற்காகவே பல பழைய மாதிரிகளில் தோளிலோ பின்கழுத்திலோ திறப்பு விட்டுப் பொத்தான் வைக்கப்பட்டது. 1940-களில் தோளினுள் திண்டு வைத்துத் தைப்பதும் வழக்கம். அத்தகைய மாதிரியைத் திண்டின்றி அணிந்தால் தோள் தொய்ந்து தோன்றும்.

பின்னல் வேலையைக் கைத்தொழிலாக மேற்கொள்ளும் அங்கத்தினர்கள், ஊசியை எடுக்குமுன் தோள், கழுத்து, தோள் என்ற மூன்று தொகையையும் காகிதத்திற் கூட்டி, மொத்தக் கண்ணிக்கு ஒத்திட்டுப் பார்த்தல் நலம். காகிதத்திற் கண்ட பிழையை ஒரு கோட்டால் திருத்திவிடலாம். கம்பளியிற் கண்ட பிழைக்குப் பல நாள் உழைப்பைப் பிரித்தாக வேண்டும்.