கேள்வி-பதில்: தவான் படித்தது எது?

கேள்வி: இஸ்ரோ தலைவராக இருந்த சதீஷ் தவான் ராக்கெட் விஞ்ஞானியா, விமானப் பொறியாளரா?

பதில்: விமானப் பொறியாளர்தான், ஆராய்ச்சி வாயு இயக்கவியலில். ஆங்கில இலக்கியத்திலும் எம்.ஏ. பட்டம் பெற்றவர் என்பது பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் ஹான்ஸ் லீப்மனிடம் 1951-ல் முனைவர் பட்டம் வாங்கினார். காற்று ஒரு பரப்பை உரசிச் செல்லும்போது உண்டாகும் இழுவிசையை ஊகித்துக் கணக்குப் போடாமல், நேரடியாக அளந்தார். எப்படி? தட்டையான பலகையில் ஒரு சின்னத் துண்டை மட்டும் சுற்றிலும் மயிரிழை இடைவெளி விட்டுத் தனியாகப் பொருத்தினார். காற்று அதைத் தள்ளும் தூரம் கண்ணுக்குத் தெரியாது, மின்கருவிதான் காட்டும். ஒலியை மிஞ்சிய வேகத்திலும் இப்படியே அளந்தார். ராக்கெட்டை விட எனக்கு இதுதான் பிரமிப்பு.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அவர் அமைத்த சூப்பர்சானிக் காற்றுச் சுரங்கம் நாட்டிலேயே முதலாவது. சோதனை அறை 1 அங்குலத்துக்கு 3 அங்குலம்தான்! 1962-ல் அக்கழகத்தின் இயக்குநரானார். 1972-ல் இஸ்ரோ பொறுப்பு வந்தபோதும் அந்த நாற்காலியை விடவில்லை.

1979-ல் இஸ்ரோவின் எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்ததும் நிருபர்கள் முன் அவரே போய் நின்றார். 1980-ல் அது வென்றதும், திட்ட இயக்குநரான அப்துல் கலாமை நிருபர்களிடம் அனுப்பிவைத்தார். இதைக் கலாமே மேடைகளில் சொல்லியிருக்கிறார்.